ஆறு வீட்டையும் எட்டிப் பார்த்தவர்

அவர் பேரு எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "அதே பேருல வேற யாராச்சும் இருக்காங்களான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாலும் கேட்பார். அதனால வெடிக்காரர் என்றே வச்சுக்கிடுவோம். எங்க தெருவில் முகத்துக்கு நேரே அண்ணாச்சி என்போம். முதுகு திரும்பினால் 'சந்தேகம்'. "ஏலே, சந்தேகம் வருது, எல்லாரும் வெளிய வாங்க" என்றால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

சங்கரன்கோவிலைத் தாண்டி எங்க பக்கம் ஒரு பொத்தை இருக்கு. மலைன்னு சொன்னா சிரிப்பாங்க, வெறும் பாறைன்னு சொன்னா பொத்தை கோவிச்சுக்கிடும், அந்த அளவு. பழைய ரோடு அதைச் சுத்திக்கிட்டுப் போகும். புது ரோடு போடுதவங்க, 'சுத்த வேண்டாம், நடுவுல கிழிச்சுக்கிட்டு நேரே போ' என்று முடிவு பண்ணிட்டாங்க. பொத்தைக்கு இந்தப் பக்கம் எங்க தெரு. ஆறு வீடு. ஆறிலும் பவர்லூம் தறி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பாறையை உடைக்க வெடி வைக்கப் போறாங்க என்றதும் தெருவே எழுந்து நின்னுட்டு. "கல்லு பறந்து வந்து கூரையைப் பொத்துக்கிட்டு எங்க தலையில விழவா?" என்று ஒரே சண்டை.

நான்தான் நடுவில் புகுந்தேன். நானும் தறிக்காரன்தான். ஆனால் தோள்பட்டை மக்கர் பண்ணி, 'இனிமே தறிப்பக்கம் போகாதேயும்' என்று டாக்டர் சொல்லி, ஒரு வருசமா வீட்டில் சும்மா உக்காந்து பெண்டாட்டியிடம் வசவு வாங்கிக்கிட்டிருந்த சமயம். ரோட்டுக் கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, 'உள்ளூர்க்காரரா ஒருத்தர் வேணும், கொடி பிடிக்க வாரீங்களா' என்று கேட்டார். வந்தது வாய்ப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு தெருவில் போய்ச் சொன்னேன்: "ஒவ்வொரு வெடிக்கு முன்னாலயும் உங்க எல்லாரையும் வெளிய கொண்டாந்து மரத்தடியில நிப்பாட்டுதது என் பொறுப்பு. நான் பச்சைக் கொடி காட்டாம ஒரு பய வெடிக்க முடியாது. இது என் வாக்கு."

அந்த வாக்கை நம்பித்தான் தெரு சம்மதிச்சுது. ஆறு வீட்டு உசுரும் என் கொடியில இருக்கு என்று நான் மீசையைத் தடவிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்பத்தான் இந்த மனுசன் வந்து சேர்ந்தார்.

சேலத்துப் பக்கத்து ஆள். என் வயசுதான் இருக்கும், நாப்பத்தஞ்சுக்கு மேலே. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருக்கும். முதல் நாள் அவரிடம் தெருவைக் காட்டி, "ஆறு வீடு அண்ணாச்சி, இருவத்து மூணு ஆளு" என்றேன்.

"நீங்க சொல்றது சரிங்க" என்றார். "ஆனா நான் பார்க்கலைங்களே."

சொல்லிட்டு நேரே முதல் வீட்டுக்குள் போயிட்டார். ஆறு வீட்டிலும் ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்து, ஒரு சின்ன நோட்டில் குறிச்சுக்கிட்டார். பேரெல்லாம் கேக்கல. 'மூக்குத்தி அம்மா, மொட்டைத் தாத்தா, பல்லு விழுந்த பையன்' என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருந்தார். எனக்கு அண்ணி முறை ஆகுத ஆறாவது வீட்டு மைனியை 'கோபக்கார அம்மா' என்று எழுதினது பின்னால் வெளியே வந்து, மைனி அதை நிஜம் என்று காட்டிட்டாள்.

வெடி மத்தியானம்தான். காலையில் கம்ப்ரஸர் வண்டி உறும ஆரம்பிக்கும். பாறையில் துளை போடுத பையன்கள் நாலு பேரும் பத்து மணிக்கெல்லாம் மாவு மில்லில் வேலை பாக்குதவங்க மாதிரி வெளுத்துப் போயிருவாங்க. அவங்க 'இந்தக் குழி பத்தடி' என்றால் பத்தடிதான், மிஷின் பொய் சொல்லாது. இவர் ஒரு மூங்கில் குச்சியோட வருவார். ஒவ்வொரு குழியிலும் விட்டுப் பாப்பார். "அண்ணாச்சி, நாங்க அந்தப் பக்கம் போனதும் குழி தூந்துருமா?" என்று பையன்கள் சிரிப்பாங்க. அவரும் கூடச் சிரிப்பார். சிரிச்சுக்கிட்டே அடுத்த குழியில் குச்சியை விடுவார். வெடிச்ச பிறகும் அதே கதைதான். புகை அடங்கினதும் தனியாப் போய், எல்லாக் குழியும் வெடிச்சிருக்கா, மருந்து எதுலயாவது மிச்சம் கிடக்கா என்று ஒவ்வொண்ணா உக்காந்து பாப்பார். பாத்து முடிச்சு அவர் கையைக் காட்டுத வரைக்கும் யாரும் கிட்டப் போகக்கூடாது. பசியோட நிப்போம். சோத்துவாளியைத் திறந்து வச்சுக்கிட்டு வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிப்பாங்க பையன்கள்.

வேலையில் மட்டும் அப்படி என்று நினைச்சிராதீங்க. டீக்கடையில் 'சீனி போடல அண்ணாச்சி' என்று சொல்லிக் கொடுத்தால், உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் குடிப்பார். பிளாஸ்டிக் நாற்காலியை அமுக்கிப் பாக்காமல் உக்காரவே மாட்டார். ஒரு நாள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வச்சு அவரைப் பாத்தேன். பஸ்ஸில் சிவகிரி என்று போர்டு தொங்குது. கண்டக்டர் 'செவகிரி, செவகிரி' என்று தொண்டை கிழியக் கத்துதான். இவர் உள்ளே ஏறி, உக்காந்திருந்த ஒரு அம்மாவிடம், "நீங்க எங்கம்மா போறீங்க?" என்று கேட்டுக்கிட்டிருக்கார். அந்த அம்மா சிவகிரி என்றதும்தான் உக்காந்தார். அப்பவும் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி என்னைப் பாத்து, "சிவகிரிதானுங்களே?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். அவர் வீட்டம்மாவும் பழகின கை, 'சாப்பிட்டீங்களா' என்று கேக்குமுன்னே போனை அடுப்புப் பக்கம் திருப்பி கேஸ் மூடியிருக்கதைக் காட்டிரும். அப்புறம் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள். அதுக்கு அப்புறம்தான் பெண்டாட்டி முகத்தைப் பாப்பார்.

இப்படி ஒருத்தர் இருக்காருன்னா பின்னால ஏதாவது பெரிய கதை இருக்கும், எங்கயாவது விபத்து கிபத்து பாத்திருப்பார் என்று நான் ஒரு நாள் மெல்லத் தூண்டில் போட்டேன். "எப்ப இருந்து அண்ணாச்சி இப்படி?"

"தெரியலைங்க. பொண்ணு பார்க்கவே மூணு தடவை போனேன். மூணாவது தடவை மாமனார் கதவைத் திறக்கலை" என்றார்.

இதெல்லாம் கேக்கச் சிரிப்பா இருக்கும். ஆனால் தினமும் தெருவில் அசிங்கப்படுதது நான்லா! நான் வீடு வீடாப் போய் எல்லாரையும் கூப்பிட்டு, கல்லு எட்டாத தெருமுனையில் இருக்க வாகை மரத்தடியில் நிப்பாட்டி, பச்சைக் கொடி காட்டுவேன். தூரத்தில், வெடிப்பெட்டி பக்கத்தில் நிக்க இவர் கண்ணுக்கு மேலே கையை வச்சு என் கொடியைப் பாத்துத் தலையாட்டுவார். ஆட்டிட்டு, அங்கயே நின்னு வெடிக்க வேண்டியதுதானே? வெடிப்பெட்டிச் சாவியை உருவி சட்டைப் பையில் போட்டுக்கிட்டு, அந்த வெயிலில் ஒரு பர்லாங்கு நடந்து எங்க தெருவுக்கு வருவார். குழிக்குப் போற ஒயரெல்லாம் அந்தப் பெட்டியிலதான் முடியும், சாவி இல்லாமல் யாரும் அதை அமுக்கி வெடிக்க முடியாது. மரத்தடியில் நிக்க ஆளை எல்லாம் நோட்டை வச்சு எண்ணுவார். பிறகு ஆறு வீட்டையும் எட்டிப் பாப்பார். திரும்பி நடப்பார். அப்புறம்தான் வெடி.

"தெனமும் என்னை எண்ணுதாரே, நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்பாள் மைனி. அவளுக்குத் தறி நின்னால் கை ஒடிஞ்ச மாதிரி. ஒரு தடவை எண்ணிக்கையில் இருவத்து நாலு வந்துட்டு. கடையநல்லூரில் இருந்து யாரோ நூல் விஷயமா வந்த ஆள். "அவரு விருந்தாளி, இப்பம் போயிருவாரு" என்கேன், இவர் கேட்டால்தானே! அந்த மனுசனை நோட்டில் 'பச்சைத் தொப்பி' என்று எழுதிச் சேத்த பிறகுதான் நகந்தார். அந்த ஆள் மிரண்டு போய் மறுபடி எங்க தெருப்பக்கமே வரல.

நான் மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னேன். "என் கொடிக்கு மரியாதை இல்லைன்னா எனக்கு எதுக்கு சார் கொடி?" மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, 'கொடி காட்டினா போதும், நேரம் வீணாகுது' என்றார். "சரிங்க" என்றார் இவர். மறுநாள் சாவியைப் பையில் போட்டுக்கிட்டு நடந்து வந்தார். என்ன செய்ய அந்த மனுசனை!

இப்பம் என் கதைக்கு வாரேன். மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல.

ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவேன். தறிச் சத்தத்தில் சங்கு ஊதினாலும் கேக்காது, அதனால ஆள் உள்ளே போய்த்தான் கூப்பிடணும். போகப்போக எல்லாருக்கும் பழகிட்டு. நான் தெருமுனையில் நின்னு செவப்புக் கொடியை அசைச்சால் முதல் வீட்டுக்காரர் பாத்துத் தறியை நிப்பாட்டுவார். அவர் அடுத்த வீட்டைத் தட்டுவார். டக்கு டக்கு என்று ஆறு தறிச் சத்தமும் ஒண்ணு ஒண்ணாக் குறையும். ஆறாவதும் நின்னுட்டா தெருவே காலி. பின்னே எதுக்கு நான் வீடு வீடா நடக்க? காதே போதும் என்று விட்டுட்டேன்.

அன்னைக்கும் அப்படித்தான் தெருமுனைக்கு வந்து கொடியைத் தூக்கினேன். அசைக்கக்கூட இல்ல, ஆறு தறியும் ஒண்ணாப்போல நின்னுட்டு. ஆகா, என் கொடிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை. ஒவ்வொருத்தரா வெளியே வந்து வாகை மரத்தடிக்குப் போறாங்க, துண்டை வீசிக்கிட்டு. நான் பச்சைக் கொடியைக் காட்டிட்டேன்.

கரண்டு போயிருக்கு என்பது என் மண்டையில் உறைக்கவே இல்ல.

தூரத்தில் வெடிக்காரர் கண்ணுக்கு மேலே கையை வச்சுப் பாத்தார். தலையாட்டினார். சாவியை உருவினார். நடந்தார்.

அன்னைக்கு ரோட்டில் ரெண்டு பக்கமும் வண்டி மறிச்சிருக்கு. ராஜபாளையம் பஸ் ஒண்ணு, நாலு லாரி, வளைகாப்புக்குப் போற வேன் ஒண்ணு. வேனில் இருந்த பொம்பளைங்க இறங்கி, சித்திரான்ன வாளிகளை நிழலில் வச்சுக்கிட்டு எங்களைத் திட்டுதாங்க. பஸ் டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கல. மேனேஜர் வாக்கிடாக்கியில் கத்துதார். அத்தனை பேரும் பாக்க, இந்த மனுசன் ஆடி அசைஞ்சு என் கொடியை மதிக்காமல் நடந்து வாரார். எனக்கு வந்ததே கோபம்! நடுத்தெருவில் மறிச்சு நின்னேன்.

"போவப்படாது. இன்னைக்கு நீரு இந்தத் தெருவுக்குள்ள காலை வச்சா நான் மனுசன் இல்ல. என் சொல்லு சொல்லு இல்லையா? நான் என்ன களவாணிப் பயலா?"

"நீங்க சொல்றது சரிங்க" என்று என்னைச் சுத்திக்கிட்டுப் போனார்.

மரத்தடியில் எண்ணினார். மறுபடி எண்ணினார். "கோபக்கார அம்மாவைக் காணலைங்களே?"

"கடைக்குப் போயிருப்பா" என்றார் மொட்டைத் தாத்தா.

"போனதைப் பார்த்தீங்களா?"

வெடிக்காரர் ஆறாவது வீட்டுக்குள் போனார். நான் வெளியே நின்னு, "தேடும் தேடும், பானைக்குள்ள ஒளிஞ்சிருப்பா, நல்லாத் தேடும்" என்று எல்லாருக்கும் கேக்கும்படி நக்கல் அடிச்சேன். வளைகாப்பு வேன்காரங்க சிரிச்சாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லலாமா என்று இருந்தது.

அவர் வெளியே வந்தார். பின்னாலயே மைனி வந்தாள். பல்லில் நூல் கடிச்சிருக்கு, காதில் பஞ்சு, முழங்காலெல்லாம் தூசி.

"ஓடுத தறியில அறுந்த இழையை முடிய முடியுமா? கரண்டு போற நேரத்துலதான் தறிக்கு அடியில போயி முடியணும். அதுக்குள்ள இந்த மனுசன் வந்து அடியில குனிஞ்சு 'அம்மா, அம்மா'ங்காரு. நாலு இழைதான் முடிஞ்சிருக்கேன். என் பொழைப்பைக் கெடுக்கதே இவருக்கு வேலை!"

அவள் திட்டிக்கிட்டே மரத்தடிக்குப் போனாள். என் கையில் பச்சைக் கொடி இருக்கு. அப்படியே தரையில் உக்காந்துட்டேன். அவள் அந்தத் தறிக்கு அடியில் இருக்கும்போது நான் கொடி காட்டியிருக்கேன். இந்த மனுசன் என் சொல்லை மதிச்சிருந்தால், நான் இத்தனை நாளும் எதுக்குச் சண்டை போட்டேனோ அது நடந்திருந்தால்...

வெடி வச்சாங்க. ஒரு பொடிக்கல்லு கூட எங்க தெருவில் விழல. "பாத்தியா, ஒண்ணும் விழல, சும்மா என்னை இழுத்துக்கிட்டு வந்தாரு" என்று மைனி அதுக்கும் ஒரு பாட்டு பாடினாள். விழுந்திருந்தாலாவது தேவலை போல இருந்தது எனக்கு.

மேனேஜர் வண்டியில் வந்து இறங்கினார். முகமெல்லாம் செவந்து கிடக்கு. பஸ்காரன் யாருக்கோ போன் போட்டு, அந்த யாரோ இவரை வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கார். "வீட்டுக்குள்ள ஆள் இருந்துச்சாமே? கொடி காட்டின பிறகா, முன்னாலயா? பிறகுன்னா கொடிக்காரர் இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்றார், வெடிக்காரரைப் பாத்து.

எனக்குத் தெரியும், முடிஞ்சுது. இந்த மனுசன் பாத்ததைப் பாத்தேன்பார், பாக்காததைப் பாக்கலைன்பார். நாப்பத்தஞ்சு வருசமா வேற ஒண்ணும் சொல்லிப் பழக்கமில்ல. தெருவுக்குக் குடுத்த வாக்கும் போச்சு, வேலையும் போச்சு, திரும்பவும் வீட்டில் உக்காந்து வசவு வாங்கணும் என்று தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"கொடி காட்டினதை நான் பார்க்கலைங்க" என்றார். "ஒயரைப் பார்த்துட்டிருந்தேன்."

"பின்னே எதுக்கு நடந்து போனீங்க?"

"தினமும் போறதுதானுங்களே."

அது மேனேஜருக்கும் தெரியும். தினமும் போற ஆள்தான். ரெண்டு பேரையும் பொதுவாத் திட்டிட்டு வண்டி ஏறிட்டார்.

அவர் பாத்தார். தலையாட்டினார். நான் என் கண்ணால் கண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உக்காந்தேன். சோத்துவாளியைத் திறந்து வச்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டிருந்தார்.

"பொய் சொல்லிட்டியளே அண்ணாச்சி."

"ஆமாங்க. சோறே இறங்க மாட்டேங்குது."

"எதுக்கு அண்ணாச்சி? நான் உங்கள எவ்வளவு பேசியிருக்கேன்!"

ஒரு உருண்டையைப் பிசைஞ்சு பிசைஞ்சு வச்சார். "உங்களை அனுப்பிட்டா புதுசா ஒருத்தர் வருவாருங்க. அவரு இந்தத் தப்பை இனிமேதான் செய்யணும். நீங்க செஞ்சு முடிச்சிட்டீங்க."

எனக்கு அழுகை வந்துட்டு. சோத்தைப் பாக்க மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவரும் வேற பக்கம் பாத்துக்கிட்டார். மன்னிப்புக் கேக்கணும் என்று வாயெடுத்தேன். அவர் மோர் இருக்கா என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் குழியெல்லாம் நிரப்பி, மேலே மணல் மூட்டை அடுக்கி, சங்கு ஊதியாச்சு. நான் கொடிகளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். "இருங்க" என்றார். வெடிப்பெட்டியில் இருந்து சாவியை உருவி என் கையில் வச்சார். நோட்டையும் கொடுத்தார்.

"இதை நீங்க திரும்பிக் கொண்டு வந்து கொடுத்தாத்தான் வெடிங்க."

"நீங்க வரலையா?"

"நீங்க பார்த்துட்டு வாங்க."

நோட்டைப் பிரிச்சுக்கிட்டு முதல் வீட்டில் இருந்து ஆரம்பிச்சேன். மூக்குத்தி அம்மாவைப் பாத்தேன், மொட்டைத் தாத்தாவைப் பாத்தேன். தறிக்கு அடியில் முட்டி போட்டுக் குனிஞ்சு பாத்தேன். குளியலறைக் கதவைத் தட்டினேன். மரத்தடியில் நிறுத்தி இருவத்து மூணையும் விரலைத் தொட்டு எண்ணினேன். "ஒருத்தர் தொல்லை போதாதுன்னு நீயும் கிளம்பிட்டியாக்கும்" என்று மைனி முகத்தைத் திருப்பினாள். ரோட்டில் ஹாரன் அடிக்காங்க. வாக்கிடாக்கியில் மேனேஜர் என் பேரைச் சொல்லிக் கத்துதார். சரியா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு.

தூரத்தில் பாத்தேன். பெட்டி பக்கத்தில், பொட்டல் வெயிலில், முழுக்கைச் சட்டையோட கையைக் கட்டிக்கிட்டு நிக்கார். கண்ணுக்கு மேலே கையை வைக்கல. எங்க தெருப்பக்கம் ஒரு எட்டு எடுத்து வைக்கல. நான் என்ன சொல்லுதேனோ அதுதான் என்று அசையாமல் நிக்கார்.

அதைப் பாத்ததும், சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, திரும்பவும் முதல் வீட்டுக்குள் போனேன்.